நீலக்கரைத் தட்டு

டிசம்பர் இருபத்து மூன்றாம் திகதி, நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கையில் வசந்தினியின் பின்வளவிலிருந்து புகை எழும்பியது. மாரிகாலத்துப் புகை நேரே மேலே போகாது. வேலிக்கு மேலால் ஊர்ந்து ஒழுங்கைக்குள் இறங்கி, வீட்டுக்கு வீடு நின்று சுகம் விசாரித்துவிட்டுத்தான் போகும். சிரட்டைக்கரி மணத்தோடு பட்டரும் வனிலாவும் சேர்ந்து வந்தபோது, மற்ற ஏழு வீட்டுச் சனமும் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"சுடத் தொடங்கிட்டாள்," என்றார் மூலைவீட்டுத் தவராசா. தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகிறது. அயலட்டைக் காரியங்களிலிருந்து மனிதர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"சுடட்டுமன். உங்களுக்கென்ன?" என்றாள் அவர் மனைவி புஸ்பராணி.

"எனக்கென்ன? எழுவத்திரண்டு நாளாச்சு. ஒரு போட் கடலில எத்தினை நாள் நிக்கும் எண்டு எனக்குத் தெரியாதே? நாளைக்கு ஒரு சேதி வந்தால், செத்தவீட்டில போறணை மூட்டினவள் எண்டு ஊர் கதைக்காதே?"

"ஊர் எண்டு நீங்கள் சொல்லுறது உங்களைத்தானே. போய் கூரைப் பீலித் தண்ணிக்கு வாளியை வையுங்கோ."

பாலையூற்றில் அந்த ஒழுங்கைக்கென்று ஒரு வழமை உண்டு. மாதாவைக் கும்பிடுகிற வேதக்கார வீடு மூன்று, சைவவீடு நான்கு, முஸ்லிம் வீடு ஒன்று. பண்டிகை யாருடையதோ அவர்கள் பக்கமிருந்துதான் முதல் தட்டுப் புறப்படும். பெருநாளுக்கு ஸல்ஹா வீட்டிலிருந்து, பொங்கலுக்குத் தவராசா வீட்டிலிருந்து, நத்தாருக்கு வசந்தினி வீட்டிலிருந்து. வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஆண்டு திரும்பும்வரை அங்கே பலகாரம் சுடுவதில்லை. அவர்களுடைய பண்டிகைக்கு அயலவர்கள்தான் தட்டுக் கொண்டுபோவார்கள், வெள்ளைத் துணியால் மூடி. அந்தத் தட்டை மட்டும் கழுவித் துடைத்து வெறுந்தட்டாகத் திருப்புவார்கள். துக்கவீட்டிலிருந்து தின்பண்டம் வெளியே போகக் கூடாது.

ஆகவே இந்த வருஷம் ஒழுங்கை முழுவதற்கும் ஒரே கேள்விதான். வசந்தினி வீட்டிலிருந்து தட்டு வருமா, இல்லை அங்கே தட்டுக் கொண்டுபோக வேண்டுமா? அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. வசந்தினியோ வாயைத் திறக்காமலே பதில் சொல்லிவிட்டாள்.

அவள் கணவன் ரஞ்சன் ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி இராசையா முதலாளியின் ஆழ்கடல் போட்டில் இன்னும் நாலு பேரோடு போனவன். முப்பது நாளில் திரும்ப வேண்டியது. பதினோராம் நாள் வயர்லெஸ்ஸில் கதைத்தான், காற்று மாறுகிறது என்று. அதற்குப் பிறகு கதையில்லை. பெருங்காற்று அடித்து ஓய்ந்தது. தேடப் போனவர்கள் தேடிவிட்டுத் திரும்பினார்கள். போட் அந்தமான் பக்கம் இழுபட்டுப் போயிருக்கும், அங்கே மறியலில் அடைபட்டிருப்பார்கள் என்று துறைமுகத்தில் சிலர் சொன்னார்கள். அப்படிப் போய் ஐந்து மாதம் கழித்து வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். வசந்தினி அந்த ஐந்து மாதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒக்டோபரோடு ஐந்தைக் கூட்டினால் மார்ச். மார்ச் வரைக்கும் தன்னை ஒருவரும் தாலியறுத்தவளாகப் பார்க்கக் கூடாது. அதற்கு அவள் கையில் இருந்தது கோதுமை மாவும் சீனியும்தான்.

பிஸ்கட் சுடுகிற போறணையும் ரஞ்சன் செய்ததுதான். எண்ணெய்ப் பீப்பா ஒன்றைப் படுக்கவைத்து, கதவு வெட்டி, உள்ளே இரும்புத் தட்டுப் பொருத்தி, மேலும் கீழும் தணல் போடுகிற மாதிரி அமைத்திருந்தான். பிஸ்கட் வெட்டும் அச்சுகளும் அவன் கைவேலை. பால்மாத் தகரப் பேணியை வெட்டி வளைத்து நட்சத்திரம், மணி, மீன் என்று செய்தவன், கடைசியாக ஒரு வள்ளமும் செய்தான். மீனுக்கு வால் கோணல். வள்ளம் வருஷத்துக்கு ஒன்றுதான் வெட்டுவாள், அது அவனுக்கு. நத்தாருக்கு அவன் அநேகமாகக் கடலில்தான் நிற்பான். வள்ளப் பிஸ்கட் பேணிக்குள் கிடந்து கல்லாகி, ஜனவரியில் அவன் வந்து தன் பெரிய கோப்பையில் பிளேன்ரீ ஊற்றித் தோய்த்து, "கொங்கிரீட் போட எங்கையடி படிச்சனீ?" என்று பகிடி பண்ணிப் பண்ணித் தின்பான்.

மற்றப் பிஸ்கட் ஒவ்வொன்றிலும் ஐசிங்கால் ஒரு பெயர். மற்ற ஏழு வீட்டிலும் எத்தனை தலையோ அத்தனை பிஸ்கட். போன வருஷம் நாற்பத்து மூன்று. இந்த வருஷம் புஸ்பராணியின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. சிந்துஜன் என்று பெயர். பல் முளைக்கவில்லை என்றாலும் ஒழுங்கைக்கு வந்த ஆள் ஆள்தான். நாற்பத்து நான்கு.

மாரியில் சீனிப் பிஸ்கட் சுடுவது பெரிய அரிகண்டம். மா கையோடு ஒட்டும். கரி லேசில் மூளாது. எல்லாம் சரிவந்தாலும் ஐசிங் காயாமல் கசியும். ரஞ்சனின் தாய் ராசமலர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். கோழிக்குஞ்சுக்கு வெளிச்சம் வைப்பது போல ஒரு குண்டு பல்பை மேசைக்கு மேலே தாழக் கட்டி, அதன் சூட்டில் பிஸ்கட்டைப் பரப்பிவிடுவாள். ஒயில் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி ஐசிங் நிரப்பி அவளும் பேத்தி தர்சிகாவும் ஓரம் கட்ட, வசந்தினி போறணைக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தாள். பெயர் எழுதுவது அவள் வேலை.

"மாமி, தவராசாண்ணைக்கு என்ன வைப்பம்?"

"மணியை வை. வாய் ஓயாத மனுசன்."

தர்சிகா சிரித்தாள். பதினொரு வயது. அவள் சிரித்து எத்தனையோ நாள். வசந்தினிக்கு அந்தச் சிரிப்பிலேயே சுட்டது சரிதான் என்று பட்டது.

"அப்பம்மா, நீலம் கூடிப்போச்சு."

"கடலெண்டால் நீலம்தானே."

"ஐயோ, இது நட்சத்திரம்!"

"நட்சத்திரமும் கடலுக்கு மேலதான் நிக்குது. நீ உன்ர ஒற்றைக்கால் வெள்ளியைப் பார்."

தர்சிகா கீறுகிற நட்சத்திரத்துக்கு ஒரு கால் எப்போதும் நீளம். எத்தனை சொன்னாலும் மாறாது. போட்டைக் கரையேற்றிப் பெயின்ற் அடித்த நாளில் கேபின் கதவின் உள்பக்கத்திலும் அப்படியொன்று கீறிவைத்தாள். இராசையா ஏசினார். ரஞ்சன் அழிக்க விடவில்லை.

"வள்ளம் வெட்டிட்டியோ பிள்ளை?" என்று ராசமலர் கேட்டாள்.

"கடைசித் தட்டத்தில வைச்சிருக்கிறன் மாமி."

"மொத்தமா, தடிப்பா வெட்டினியோ? மார்ச் வரைக்கும் இருக்கோணும்."

"மொத்தம்தான்."

பத்தரை மணியிருக்கும். கடைசித் தட்டத்தைப் போறணைக்குள் தள்ளிவிட்டு வசந்தினி நிமிர, குசினிக் கதவடியில் பக்கத்து வீட்டு ஸல்ஹா நின்றாள். ஒரு கிழமையாகத் தோப்பூரில் தாய்வீட்டில் நின்றவள், பஸ்ஸால் இறங்கி, வீட்டில் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே ஓடி வந்திருக்கிறாள் போல. தோளில் பை, தலை முழுக்க ஈரம். கையில் அவளுடைய நீலக்கரைப் பீங்கான் தட்டு. அதை ஒழுங்கை முழுவதும் அறியும். பெருநாளுக்குப் பெருநாள் பூப்போட்ட வலைத்துணி மூடி வருகிற தட்டு. இன்றைக்கு மேலே வெள்ளைத் துணி கிடந்தது.

"வசந்தியக்கா..." என்று அழுகையோடு தொடங்கியவள் மூச்சை உள்ளே இழுத்தாள். வனிலா மணம் அப்போதுதான் அவளுக்கு ஏறியது. கண் போறணைக்குப் போய், மாப்படிந்த வசந்தினியின் கைக்கு வந்தது. முகம் செத்துப்போயிற்று.

"நீங்க... பிஸ்கட் சுடுறீங்களா அக்கா?"

"வருசா வருசம் சுடுறதுதானே. இதென்ன ஸல்ஹா?"

"ஒண்டுமில்ல. சும்மா... உம்மா தந்து விட்டா." தட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். அது மறைக்கிற அளவான தட்டில்லை.

"வெள்ளைத் துணி மூடியோ தந்தவ?"

தகரக் கூரையில் மழை கொட்டியது. ஸல்ஹா தட்டை முன்னால் கொண்டுவந்து நெஞ்சோடு பிடித்தாள்.

"இராசையா முதலாளி வரல்லையா அக்கா? நேத்துப் பின்னேரம் ஃபாதரக் கூட்டிக்கிட்டு வாறண்டு..."

"ஒருத்தரும் வரேல்லை."

"அல்லாஹ்! உங்கள்ட்டச் சொல்லியிருப்பாங்க எண்டுதானே இவரு போன்ல சொன்னாரு. அஞ்சு வீட்டுக்கும் போகணும், முதல்ல போட்டுல போன அந்த வெருகல் புள்ளட வீட்டுக்குப் போறண்டு போனாராம். அங்க ஆறு ரோட்டுக்கு மேலால பாயுதாம் அக்கா. நான் பாவி, நான் பாவி..."

"சத்தம் போடாத. உள்ளுக்குப் பிள்ளை இருக்கிறாள்." வசந்தினி அவளைக் கையில் பிடித்து இழுத்து விறகுக் கொட்டிலுக்குள் விட்டாள். "மெல்லச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

ஸல்ஹாவின் கணவன் முனீப் துறைமுகத்தில் மீன் நிறுக்கிறவன். அவன் சொன்னதை அவள் சொன்னாள். தெற்குப் பக்கத்துப் போட்டொன்று நடுக்கடலில் இராசையாவின் போட்டைக் கண்டதாம், கவிழ்ந்தபடி. உள்ளே இரண்டு மையித்து. செத்தது யார் என்று அடையாளம் காண ஏலாது. இழுத்துவரப் பார்த்தார்களாம், காற்று விடவில்லையாம். கேபின் கதவை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார்கள்.

"இவருதான் அக்கா பாத்தாரு. உள்பக்கத்துல உங்கட மகள்ர நட்சத்திரம்."

"ஒற்றைக்கால் நீளமோ?"

"ஓம் அக்கா."

வசந்தினி கையிலிருந்த மாவை உடுப்பில் துடைத்தாள். பிறகு, "ரெண்டு பேர்தானே. மற்ற மூண்டு பேர்?" என்றாள். கேட்கும்போதே தன் குரல் தனக்கு அருவருப்பாக இருந்தது. யாரோ இரண்டு பெண்களுடைய புருஷன்மாரைச் சாகக் கொடுத்துவிட்டல்லவா கேட்கிறாள்.

"மிதப்புச் சட்ட அஞ்சும் கேபினுக்குள்ள கட்டினபடியே இருந்திச்சாம் அக்கா."

அதோடு மார்ச் மாதம் முடிந்துபோயிற்று.

அவள் அழவில்லை. போறணையிலிருந்து மணம் ஒரு படி ஏறியது. விளிம்பு சிவக்கிற மணம். வேறொருத்தியின் கால்கள் போலத் தன் கால்கள் நடந்துபோவதை அவள் பார்த்தாள். சாக்குத் துணியால் பிடித்துத் தட்டத்தை வெளியே எடுத்து, மெல்லிய பிஸ்கட்டுகளைத் தட்டகப்பையால் கிளப்பினாள். வள்ளம் மொத்தம், அதற்கு இன்னும் ஐந்து நிமிஷம் வேண்டும். அதை மட்டும் திரும்ப உள்ளே தள்ளினாள். இந்த நேரத்திலும் கைக்கு வேலை தெரிகிறதே என்று அந்தக் கையை வெட்டிப்போடலாம் போல இருந்தது.

"தட்டைத் தா."

"வேணாம் அக்கா. நான் கொண்டு போறன். நான் வரல்ல எண்டு வச்சுக்கங்க."

"வந்த தட்டைத் திருப்பி அனுப்புறதோ? தா இஞ்ச." வாங்கிக் குசினிப் பலகையில் வைத்தாள். "நீ போய் ஈரத்தை மாத்து. எங்கட வீட்டில சத்தம் கேக்கும். அப்ப வா."

உள்ளேயிருந்து ராசமலர் கூப்பிட்டாள். "பிள்ளை, மற்றத் தட்டம் எங்க? நானும் இவளும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறம்."

"இந்தா வாறன் மாமி."

இன்னும் பதினொரு பெயர் இருந்தது. வள்ளத்தையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு வசந்தினி கூம்பைக் கையிலெடுத்து உட்கார்ந்தாள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் பல்ப் வெளிச்சத்தில் அப்பம்மாவும் பேத்தியும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். ராசமலரின் மூக்கு நுனியில் வெள்ளை ஐசிங் ஒட்டியிருந்தது. அவளுடைய மகன் அவளுக்கு இன்னும் உயிரோடு இருந்தான். பதினொரு பெயர் எழுதி முடியும்வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று வசந்தினி நினைத்தாள். புஸ்பராணி. சிந்துஜன். ஸல்ஹா. முனீப். எழுத்து ஒன்றும் கோணவில்லை.

"அம்மா, இந்த முறை வடிவா எழுதுறீங்கள்," என்றாள் தர்சிகா.

கடைசிப் பெயர் முடிந்ததும் ராசமலர் கைகழுவக் குசினிக்குப் போனாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. வசந்தினி எழும்பிப் போனபோது மாமி தேங்காய்த் திருவலையில் குந்தியிருந்தாள். அவள் முன்னால் நீலக்கரைத் தட்டு. வெள்ளைத் துணி விலக்காமல் அப்படியே.

"எப்ப வந்தது?"

"பத்தரைக்கு."

"இப்ப பன்னிரண்டாகுது." ராசமலர் விரலில் ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்தாள். "நான் இருந்து பகிடி விட்டுக்கொண்டு நீலம் வைக்கேக்க உனக்குத் தெரியும்."

"ஓம் மாமி."

"பிள்ளை சிரிக்கேக்கயும் தெரியும்."

"ஓம்."

"தனிய வைச்சுக்கொண்டு இருந்தனீயோ, என்ர பிள்ளை..."

ராசமலர் குழறத் தொடங்கினாள். அந்தச் சத்தம் மழையையும் கிழித்துக்கொண்டு எட்டு வீட்டுக்கும் போனது. ஸல்ஹாதான் முதலில் ஓடி வந்தாள், மாற்றாத ஈரச் சேலையோடு.

அன்று பின்னேரம் இராசையாவும் ஃபாதரும் சேற்றுக் காலோடு வந்தார்கள். அவர்கள் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

மறுநாள் விடிய மழை விட்டிருந்தது. மேசையில் நாற்பத்து நான்கு பெயரும் நன்றாகக் காய்ந்து, பளபளவென்று கிடந்தன. அதுவரை ஒருநாளும் ஐசிங் அப்படிக் காய்ந்ததில்லை.

"இதை என்ன செய்யிறது மாமி? அனுப்ப ஏலாது."

"கோழிக்குப் போடு."

"பேர் எழுதினது மாமி. சின்னப் பிள்ளையின்ர பேரும் கிடக்கு. எப்பிடிப் போடுறது?"

துக்கவீட்டில் சுட்டதை என்ன செய்வது என்று வழமையில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சேதி தெரியாமல் சுட்டுவைத்த வீடு அந்த ஒழுங்கையில் அதுவரை இருந்ததுமில்லை.

எட்டு மணிபோலத் தவராசா வந்தார். வெறும் மேல், தோளில் துவாய். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஏறுமாறாகச் சொல்லப்போகிறார் என்று வசந்தினி மனதை இறுக்கிக்கொண்டாள்.

"என்ர பேர் எழுதினது எங்க பிள்ளை?"

"அண்ணை, இது..."

"தெரியும், தெரியும். வெளியால போகக்கூடாது. நான் வெளியால கொண்டுபோகேல்லையே. இஞ்சையே நிண்டு தின்னப்போறன். அதுக்கு ஆர் என்னத்தைக் கதைக்கிறது?"

மணியை எடுத்தார். முன்பல் இரண்டில்லாத மனிதர். கடைவாயில் வைத்துக் கடித்தார். கண்ணீர் தாடையில் இறங்கிப் பிஸ்கட் தூளோடு கலந்தது. துடைக்கவில்லை. முழுவதையும் தின்றுவிட்டு, படலைக்குப் போய் ஒழுங்கையைப் பார்த்து, "புஸ்பராணி! பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா. எல்லாரும் வாருங்கோ. வந்து அவரவற்ற பேரை எடுங்கோ," என்று கூப்பிட்டார்.

வந்தார்கள். சத்தமில்லாமல், செத்தவீட்டுக்கு வருகிற மாதிரித்தான் வந்தார்கள். தங்கள் பெயரைத் தேடி எடுத்து, விறாந்தையில் நின்றபடியே தின்றார்கள். சிந்துஜன் தாயின் இடுப்பிலிருந்து தன் பெயரின் சீனியை நக்கி, வாயைச் சப்புக்கொட்டினான். ஸல்ஹா அரைவாசியில் நிறுத்தி அழுதாள். ராசமலர் அவள் முதுகைத் தடவி, "தின்னு பிள்ளை. நீ கொண்டு வராட்டில் நாங்கள் ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பம்," என்றாள்.

முனீப் கடைசியாக வந்து படலைக்கு வெளியிலேயே நின்றான். வசந்தினி அவனைக் கூப்பிட்டுக் கோணல்வால் மீனைக் கையில் கொடுத்தாள்.

"கதவு எங்க முனீப்?"

"என்ர பொறுப்புலதான் வச்சிரிக்கன் அக்கா. நனையாம."

"நத்தார் முடியக் கொண்டு வாங்கோ. அவள் கீறினது. அவள் பாக்கோணும்."

பத்துமணிக்கு மேசை வெறுமையாகிவிட்டது. வள்ளம் மட்டும் கிடந்தது. அதில் இன்னும் பெயர் எழுதவில்லை. தர்சிகா கூம்பையும் பால்மாப் பேணியையும் கொண்டுவந்து தாயின் பக்கத்தில் வைத்தாள். வருஷா வருஷம் செய்கிற மாதிரித்தான். வசந்தினி ரஞ்சன் என்று எழுதினாள். பேணி மூடியைத் திறந்தாள்.

"வைக்காத," என்றாள் ராசமலர். "அது பேணிக்குள்ள கிடந்தால் நான் படலையைப் பாத்துக்கொண்டே இருப்பன்."

வசந்தினி அவனுடைய பெரிய கோப்பையில் பிளேன்ரீ ஊற்றினாள். வள்ளத்தை மேசை விளிம்பில் வைத்து உடைத்தாள். மொத்தமாக வெட்டியது; இரண்டு தரம் தட்ட வேண்டியிருந்தது. மூன்று துண்டு. மூன்று பேரும் ஒரே கோப்பைக்குள் தோய்த்துத் தின்றார்கள். தர்சிகா மென்றுகொண்டே, "அப்பா சொல்லுறது சரி. கொங்கிரீட்தான்," என்றாள். சொல்லிவிட்டுத் தாயின் மடியில் முகத்தைப் புதைத்தாள். சேதி வந்ததிலிருந்து அழாத பிள்ளை அப்போதுதான் அழுதது.

மத்தியானம் வசந்தினி நீலக்கரைத் தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் துடைத்தாள். வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு மதிலடிக்குப் போனாள். தர்சிகா பின்னால் வந்தாள்.

"அம்மா, ஒண்டும் வைக்கேல்லையே. வெறுந்தட்டுக் குடுக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்? ஒரு பிடி சீனி கொண்டு வரட்டே?"

"வேண்டாமம்மா. இந்த முறை வெறுந்தட்டுத்தான்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஸல்ஹா நின்றாள். வசந்தினி தட்டை நீட்டினாள். ஒன்றுமில்லாத தட்டு. ஸல்ஹா அதை ஒற்றைக் கையால் வாங்கவில்லை. இரண்டு கையாலும், சிந்திவிடாமல் பிடிப்பது போலப் பிடித்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.